மூணாவது வருஷம்தானே, பழகியிருக்கும்: விடுதிக்குத் திரும்பும் பிள்ளைகளின் கலக்கம்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் இந்தப் பேச்சு கேட்கும். "முதல் வருஷமா என்ன? இது மூணாவது வருஷம். அவளுக்கு எல்லாம் பழகியிருக்கும்."

முதலாம் ஆண்டு சேர்க்கும்போது வாப்பா, உம்மா, மாமா, பெரியம்மா பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறையப் போகிறோம். வார்டனிடம் பேசுகிறோம், மெத்தையை அமுக்கிப் பார்க்கிறோம், குளியலறையில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்க்கிறோம். இரண்டாம் ஆண்டு வாப்பா மட்டும் போகிறார். மூன்றாம் ஆண்டு ஸ்டேஷனில் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கல்லூரி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மகள் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பியிடம் எரிந்து விழுந்தாள். போனைப் பார்த்துப் பார்த்து வந்த கோளாறு என்று நான் திட்டினேன். கிளம்புவதற்கு முந்தைய இரவு ஒரு மணிக்குத் திறந்த பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தவள், "உம்மா, நான் போகல" என்றாள். படிப்பில் பிரச்சினை இல்லை, யாரும் மிரட்டவும் இல்லை. இந்த வருடம் எந்த அறை, அறையில் யார் யார் என்று தெரியாது. அவ்வளவுதான் காரணம். எனக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றியது. அவளுக்கோ அடுத்த பத்து மாத வாழ்க்கை.

வெளியிலிருந்து பார்க்கும் நமக்குப் புரியாத விஷயம் இது. பல விடுதிகளில் ஆண்டு முடிந்ததும் அறையைக் காலி செய்துவிட வேண்டும். கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு வாளி, மெத்தை, புத்தகம் எல்லாவற்றையும் மாடியிலிருந்து இறக்கி, உள்ளூர்த் தோழி வீட்டில் கெஞ்சிப் போட்டுவிட்டு வர வேண்டும். ஜூனில் மறுபடி அறை ஒதுக்குவார்கள். சில இடங்களில் கட்டணம் கட்டிய வரிசைப்படி, சில இடங்களில் மதிப்பெண்படி, சில இடங்களில் குலுக்கல். முன்பு பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் இப்போது வேறு மாடியில் இருப்பாள். பஜ்ருக்கு அலாரம் வைத்தால் முகம் சுளிக்காத தோழி ஒருத்தி வாய்த்திருந்தால், அந்த நிம்மதியும் போய்விடும். புது அறையில் கிப்லா எந்தப் பக்கம், தொழுகை விரிப்பைப் போட இரண்டு கட்டிலுக்கு நடுவே இடம் உண்டா, மெஸ்ஸில் இறைச்சி ஹலாலா அல்லது இந்த வருடமும் ஞாயிற்றுக்கிழமை தயிர்சாதம்தானா என்று எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பழகியிருக்கும் என்று நாம் சொல்வது ஊருக்கும் கல்லூரிக்கும் பொருந்தும். அறைக்குப் பொருந்தாது.

இதற்கு மேல் அலைச்சல் வேறு. முதலில் டிக்கெட். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஜூன் 18-ல் பயணம் என்றால் ஏப்ரல் 19 காலை 8 மணிக்கே பதிவு திறந்துவிடும். அப்போது பிள்ளை பரீட்சையில் இருக்கும், கல்லூரியும் திறக்கும் தேதியைச் சொல்லியிருக்காது. தேதி தெரிந்தபின் பார்த்தால் செந்தூர் எக்ஸ்பிரஸிலும் நெல்லை எக்ஸ்பிரஸிலும் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டிருக்கும். போன வருடம் திறந்த தேதியை வைத்து உத்தேசமாக இரண்டு நாளுக்கு ஸ்லீப்பர் போட்டு வைத்துவிடுவது நல்லது. முன்கூட்டியே ரத்து செய்தால் ஒருவருக்கு 120 ரூபாய்தான் பிடிப்பார்கள். கடைசி நேர ஆம்னி பஸ் கட்டணத்தைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. தட்கலை நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அதை ஒரு மாதம் முன்பே முடித்து வையுங்கள்.

அடுத்தது காகிதங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும், அதனால் உதவித்தொகையைப் புதுப்பிக்க வருடந்தோறும் இ-சேவை மையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. வாப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் இதற்காக உம்மாவோ மாமாவோதான் அலைய வேண்டும். மே மாத வெயிலோடு வெயிலாக அதை முடித்துவிட்டால் ஜூன் நெரிசலில் சிக்க வேண்டாம். ராகிங் தடுப்பு உறுதிமொழியும் ஒவ்வொரு கல்வியாண்டும் மாணவரும் பெற்றோரும் கொடுக்க வேண்டியது. அதற்கான கட்டணமில்லா எண் 1800-180-5522; சீனியர்களானாலும் பிள்ளைகளின் போனில் இருக்கட்டும்.

கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே தனியார் விடுதி தேடுகிறவர்கள், அது பெண்கள் விடுதியாக இருந்தால் உரிமம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம். பில்லில் ஜி.எஸ்.டி. என்று சேர்த்தாலும் கேளுங்கள். தொடர்ந்து 90 நாளாவது தங்குபவருக்கு, மாத வாடகை 20,000 ரூபாய்க்கு மிகாவிட்டால், 2024 ஜூலை முதல் அந்த வரி கிடையாது.

சாமான் விஷயத்தில் தவறு நம்முடையது. ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசம் என்பது உண்மைதான், ஆனால் எழும்பூரில் இறங்கி அதைத் தூக்கப்போவது பிள்ளை. ஊறுகாய், தேங்காய்ப்பால் முறுக்கு, மாசி, அல்வா என்று நாம் பாசத்தைக் கிலோ கணக்கில் கட்டுகிறோம். முறுக்கு ஒரு டப்பா போதும். மீதியைப் பதினைந்து நாள் கழித்துப் பார்சலில் அனுப்பலாம். அந்த நேரத்தில் வீட்டுப் பண்டம் வந்தால் இன்னும் ருசியாக இருக்கும் என்று என் மகளே சொன்னாள்.

அன்று இரவு அவளோடு நானும் தூங்கவில்லை. காலையில் விடுதி அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன். நான்கு பேர் அறை, இரண்டு பேர் அவள் துறையிலேயே படிப்பவர்கள் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருத்திக்கு மகள் வாட்ஸ்அப்பில் சலாம் அனுப்பினாள். அந்தப் பிள்ளையும் இதே கவலையில்தான் இருந்திருக்கிறது. அன்று மாலை ரயிலேறினாள். இந்த ஒரு போனை ஒரு வாரம் முன்பே போட்டிருக்கலாம்.

போய்ச் சேர்ந்தபின் முதல் இரண்டு வாரம் "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாமல், அறையில் யார், எந்த ஊர், கட்டில் ஜன்னல் பக்கமா, தொழ இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பையன்களிடமும் கேளுங்கள், அவர்கள் தாமாகச் சொல்வது இன்னும் குறைவு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ஷா அல்லாஹ் அதற்குள் சரியாகிவிடும். அதன்பிறகும் தூக்கமின்மை, சாப்பிடாமை, அழுகை தொடர்ந்தால் "ஈமான் குறைவு", "சொகுசு" என்று பேசிவிடாமல் நேரில் போய்ப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.