ஊர்கட்கு ஒரு பின்னல் வானொலி

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியின் ஏறத்தாழ நடுவிலே ஒட்டுசுட்டான் அமைந்துள்ளது. தான்தோன்றீசுவரர் கோயிலால் நாடறிந்த இவ்வூரிலிருந்து புதுக்குடியிருப்புக்கு ஒரு வழியும் நெடுங்கேணிக்கு ஒரு வழியும் பிரிகின்றன. வழிகள் கூடும் ஊராயினும், சூழவுள்ள குடியிருப்புகளைக் காடும் வயலும் குளமும் ஒன்றிலிருந்தொன்று பிரித்தே வைத்துள்ளன. மாரியில் முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் கதவுகள் திறக்கப்படும்போது, அச்செய்தி கீழ்ப்புறத்து வயல்களிலும் காவற்குடில்களிலும் இருப்போரை நீருக்கு முன்னே சென்றடைதல் வேண்டும். இன்று அப்பணியைக் கைத்தொலைபேசி செய்கின்றது. ஆயின் அதன் கோபுரம் மின்சாரத்தை நம்பியது. மின்சாரமோ காற்றும் மழையும் விட்டுவைக்கும் கம்பியை நம்பியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அற்றுப்போயின.

மின்சாரமற்ற வாழ்வு இந்நிலத்துக்குப் புதிதன்று. 1990க்குப் பிந்திய போர்க்காலத்தில் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைச் சுழற்றி, தைனமோ தந்த மின்னால் வானொலி கேட்டோர் இன்றும் நம்மிடையே உளர். அவ்வானொலியால் கேட்க முடிந்ததே யன்றி மறுமொழி சொல்ல முடிந்ததில்லை. ஊரார் தாமே கேட்கவும் சொல்லவும் தக்க வானொலியொன்றை அமைத்தல் கூடுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தமிழ்மக்களிடையே இதற்கு முன்னோடி யொன்றுண்டு. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவத் தொடங்கியது. வில்லியனூர் நடுநிலையம், அங்கிருந்து இருவழி வானொலி வாயிலாகக் கிராமங்களுக்குச் செய்தி சென்றது, மின்தடைக்குச் சூரியத் தகடுகள் துணைநின்றன. வீராம்பட்டினத்து மீனவர்க்குக் கடலலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. இவ்வமைப்பு நட்சத்திர வடிவினது. எல்லாக் கதிர்களும் நடுவிற் கூடுவன. நடுநிலையம் அயர்ந்தால் ஏனையவும் ஊமையாகும்.

‘மெஷ்’ எனப்படும் பின்னலமைப்பிலே நடு என்பதே இல்லை. ஒவ்வொரு கருவியும் தான் கேட்ட செய்தியை அயலுக்கு எடுத்துச் சொல்லும். 2020இல் தொடங்கிய மெஷ்டாஸ்ரிக் என்னும் கட்டற்ற மென்பொருள் இம்முறையிலே இயங்குவது. அது பயன்படுத்தும் ‘லோறா’ அலை, குயிலின் கூவல்போலத் தாழ்ந்த மீடிறனிலிருந்து உயர்ந்த மீடிறனுக்கு ஏறிச் செல்வது. இரைச்சலுள் அமிழ்ந்து கிடப்பினும் பெறுங்கருவி அதனை இனங்கண்டுகொள்ளும். ஆதலின் ஒரு வாற்றின் ஆறிலொரு பங்கு வலுவே பல கிலோமீற்றருக்குப் போதும். ஆயினும் குரலை அனுப்ப இயலாது. சிறு எழுத்துச் செய்தியே செல்லும். கருவியைக் கைத்தொலைபேசியுடன் புளூரூத் வழியே இணைத்து எழுதவேண்டும்; அதற்குச் சிம் அட்டையோ இணையமோ வேண்டுவதில்லை.

கேட்டோரெல்லாம் ஒரேவேளையிற் கூவினால் சந்தை இரைச்சலாகுமே எனின், அதற்கும் ஒழுங்குண்டு. செய்தியைக் கேட்ட கருவி உடனே சொல்லாது சிறிது பொறுக்கும். மெலிதாகக் கேட்ட கருவி பெரும்பாலும் தொலைவிலுள்ளதாகலின் அதற்கே முதலிற் பேசும் வாய்ப்பு. வேறொன்று சொல்லிவிட்டதைக் கேட்டால் தான் வாளாவிருக்கும். ஒரு செய்தி வழக்கமாக 3 தாவல்களும், மிகுந்தால் 7 தாவல்களும் செல்லும். தாவலைக் கூட்டினால் நன்மையென்று எண்ணுவோர் பலர். கூட்டினால் வானிலே நெரிசல்தான் மிகும்.

வன்னி சமதரை, மலையின் தடை இல்லை. பகையாவன காடும் பூமியின் வளைவுமே. உணர்கொம்பின் உயரத்தை மீற்றரிலளந்து அதன் வர்க்கமூலத்தை 4.12ஆற் பெருக்கினால், அடிவானம்வரை வானொலி செல்லக்கூடிய தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும். 9 மீற்றர் உயரத்துக்கு 12 கிலோமீற்றரளவு; அத்தகைய இரண்டு எதிரெதிர் நின்றால் 24 கிலோமீற்றர். கையில் ஏந்தியதற்கோ 5 கிலோமீற்றரே. இவை வெட்டவெளிக் கணக்கு. பச்சிலை அடர்ந்த காட்டில் வெகுவாகக் குறையும். எனவே வலுவை மிகுவிக்க முயலாது உயரத்தை நாடுக: தண்ணீர்த் தாங்கி, பாடசாலைக் கூரை, குளக்கட்டு ஆகியன தக்க இடங்கள். உணர்கொம்பைப் பொருத்தாமல் கருவியை முடுக்கற்க; பரப்பும் பகுதி பழுதாகக்கூடும்.

மின்கலத்தைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். சிக்கனமான கருவி ஏறத்தாழ 10 மில்லியம்பியரே உண்ணும். ஒரு நல்ல இலிதியம் மின்கலம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். கோடையில் சிறு சூரியத் தகடே போதும். ஆனால் நமக்கு இடர் வருவது ஐப்பசி முதல் மார்கழி வரையிலன்றோ! கதிரவன் முகங்காட்டாத பத்து நாளைக் கணக்கிட்டே மின்கலத்தை அமைக்க வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கு மற்றொரு நெருக்கடியும் உண்டு. ஒரு செய்தியில் ஏறத்தாழ 200 பைற்றே அடங்கும். ஆங்கில எழுத்துக்கு 1 பைற்று போதும். தமிழிலோ ஒவ்வொரு குறிக்கும் 3 பைற்று, ‘கு’ என்பதற்கு 6. ‘முத்தையன்கட்டு வான் கதவு திறப்பு’ என்பது 90 பைற்றைக் கொள்ளும். ஆதலின் குறுஞ்சொற்களை முன்னரே வகுத்து ஊரார் யாவர்க்கும் பயிற்றல் நன்று. எச்சரிக்கைச் செய்தியை மறைகுறியிட்டுப் பூட்டுதல் வேண்டாவென்பது எம் கருத்து. அது எவரும் கேட்கத் தக்கதாக இருக்கட்டும்.

அப்பாற் சட்டம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி வானலை பரப்பும் கருவிக்கு அனுமதி வேண்டும். எக்கருவி, எம்மீடிறன் என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்திற் பெற்ற பின்னரே வாங்குதல் தகும். வானொலிக் கருவி கையிலிருந்தாலே வினாவுக்குள்ளாகும் காலத்தைக் கண்ட மண் இது. கமக்கார அமைப்பின் பெயரிலோ பாடசாலையின் பெயரிலோ, கிராம சேவையாளர் அறிய, விண்ணப்பித்தல் நலம். மாணவரைத் தனியே இதில் இறக்கிவிடுதல் ஆகாது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, புதுச்சேரி நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அதனைக் கடற்கரையெங்கும் பரப்பியது அறிவு மையத்தின் ஒலிபெருக்கி, அவ்வூரார் உயிர்தப்பினர். செய்தி ஊரின் வாயிலுக்கு வந்தபின்னும் அதனைக் கதவுதோறும் சேர்க்க ஒருவர் வேண்டும். ஆகவே கருவி வைக்குமிடம் தோறும் அதனை இரவிலும் நோக்குவோர் யார், மணியோ ஒலிபெருக்கியோ யார் கையில் என்பதை எழுதி வைத்தல் வேண்டும். தொடக்கத்துக்கு மூன்று கருவிகள் போதும்: ஒன்று குளக்கட்டில், ஒன்று பாடசாலைக் கூரையில், மூன்றாவது நடந்து செல்பவர் கையில். செய்தி எட்டாத இடங்களை வரைபடத்திற் குறித்து, அவ்விடத்துக்கே நான்காவதை வாங்குக. இந்நடை ஆவணி முடியுமுன் முடிந்திருத்தல் வேண்டும்.