உஷார்! உங்கள் பிள்ளை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா?

மூன்றாம், நான்காம் வகுப்பில் பிள்ளை படிக்கிறதா? இன்று இரவே ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளியில் நடத்தி முடித்த தமிழ்ப் பாடம் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். மளமளவென்று வாசிக்கும். நடுவில் நிறுத்துங்கள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, கீழே ஏதாவது ஒரு வரியின் நடுச் சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். பிள்ளை முதல் வரிக்கே ஓடிப்போய், அங்கிருந்து முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு வந்தால் நிலைமை மோசம். காதில் விழுந்ததை ஒப்பிக்கிறது, அவ்வளவுதான்.

இது வருடக்கணக்கில் வெளியே தெரியாது. வகுப்பே சேர்ந்து சொல்லும்போது இந்தக் குரலும் சேர்ந்துகொள்ளும். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து வரைந்துவிடும். தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்குவதில்லை. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை நம்பி ரேங்க் கார்டில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்! கூட்டல் கழித்தல் தெரிந்த பிள்ளைகூட, கேள்வியை வாசிக்க முடியாமல் கணக்கில் முட்டை வாங்கும். அதற்குள் 'மக்கு' என்று பெயரும் வைத்துவிடுவோம். கொடுமை அது.

"நாங்க படிக்கலையே, எங்களுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள் பல அம்மாக்கள். விரல் வைத்துக் கேட்கப் படிப்பு வேண்டாம் அம்மா. தடுமாற்றம் முகத்திலேயே தெரிந்துவிடும். தயவுசெய்து அடிக்காதீர்கள், அடித்தால் அடுத்த முறை இன்னும் சாமர்த்தியமாக மறைக்கும்.

ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும். எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவதற்கே பாதி நேரம் போகிறது என்ற உங்கள் குமுறல் நியாயமானது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்துத் தேவையானவர்களுக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதும், பெற்றோரை முறையாகக் கூட்டி உள்ளதைச் சொல்வதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு உங்களுக்கு விதித்த கடமைகள். "நல்லாப் படிக்கிறான், கொஞ்சம் சேட்டை" என்று அனுப்பிவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் சத்துணவு, கழிப்பறையோடு இதையும் கேளுங்கள்: "எந்தெந்த வகுப்பில் எத்தனை பேருக்கு வாசிக்க வரவில்லை? அவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பது யார், எந்த நேரத்தில்?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.