ஹமீதின் காலத்துச் சமவாயமும் ஹஸலக சட்டையும்

அக்குறணையில் மர்ஹூம் ஏ.சீ.எஸ். ஹமீத் பற்றிக் கேட்டால் ஊர்க் கதைகள்தான் முதலில் வரும். 1960இல் பாராளுமன்றம் போனவர், 1977இல் வெளிவிவகார அமைச்சரானார். அதுவரை பிரதமரே வைத்திருந்த அந்தப் பொறுப்பைத் தனி அமைச்சராக முதலில் ஏற்றவர் எங்கட கண்டி மாவட்டத்துக்காரர். அணிசேரா இயக்கத்தின் தலைமை 1979 வரை இலங்கையிடம் இருந்ததால், வறிய நாடுகளின் அபிவிருத்திக்காகச் சர்வதேச அரங்குகளில் பேசும் கடமையும் அவருக்கு வந்தது.

அவர் காலத்தில், 1980 ஜூன் 11ஆம் திகதி, இலங்கை ஐ.நா.வின் இரண்டு சமவாயங்களில் ஒரே நாளில் இணைந்தது. ஒன்று குடியியல், அரசியல் உரிமைகள் பற்றியது. மற்றது பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றியது. பேச்சும் வழிபாடும் முன்னதில். சோறும் கல்வியும் மருந்தும் பின்னதில். மனித உரிமையும் அபிவிருத்தியும் வேறுவேறல்ல என்பதே இந்த இரட்டைப் பிறப்பின் பொருள். ஆனால் அதே அரசாங்கம்தான் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. இதை மறைத்துவிட்டு ஹமீதைப் புகழ்வது சரியில்லை.

சரி, சமவாயத்தில் இணைந்தால் போதுமா? போதாது. பாராளுமன்றம் சட்டம் இயற்றாவிட்டால் எங்கட நீதிமன்றங்களில் அதற்கு வலு இல்லை. 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதன் பிறகே 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சனங்கள் 'ஐ.சீ.சீ.பீ.ஆர்.' என்று சொல்வது இதைத்தான். சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை எவரையும் காரணமின்றிப் பிடித்து வைக்கக்கூடாது என்கிறது; அது இச்சட்டத்துக்குள் வரவில்லை. இன, மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான 3ஆம் பிரிவு வந்தது. தண்டனை பத்தாண்டு வரை. பிணை கொடுக்க மேல் நீதிமன்றத்தால் மட்டுமே முடியும், அதுவும் விசேட காரணம் இருந்தால்.

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இது உரிமை குடுக்குற சட்டமா, ஆளப் புடிக்கிற சட்டமா?"

இரண்டுக்கும் எங்கட மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. பிரித்தானிய உதவியில் விக்டோரியா அணை எழுந்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. அதை அடுத்திருக்கும் திகனயில்தான் 2018 மார்ச்சில் நம்மவரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. வெறுப்பைத் தூண்டியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களைப் பிடிக்க அப்போது இந்தச் சட்டம் உதவியது. 3ஆம் பிரிவு இருப்பதே இதற்காகத்தான்.

அடுத்த வருடம், 2019 மே மாதம், ஹஸலகயில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவரது சட்டையில் இருந்த கப்பல் சுக்கானைப் பொலிஸார் தர்மச் சக்கரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் மீதும் இதே சட்டம்! பிணை கிடைக்க இரண்டு வாரத்துக்கு மேல் போனது. அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் நின்று வந்தது. அவரைக் காத்திருக்க வேண்டிய 9ஆம் உறுப்புரை 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியேதான் நின்றது.