அகத்தெழும் அச்சம்

துப்பறியும் புதினத்தை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளத் தயங்குவோர் நம்மிடையே பலர். புதிர் விடுபட்டபின் அந்நூலில் எஞ்சுவது யாதுமில்லை என்பது அவர் கருத்து. கொன்றவர் யார் என்னும் ஒரு வினாவையே நம்பி எழுந்த நூல்களுக்கு அது பெரிதும் பொருந்தும். ஆயின் 1940களிலும் 1950களிலும் அமெரிக்க நாட்டில் எழுந்த உளவியல் திகிற் புதினங்கள் அவ்வினாவைப் பின்னுக்குத் தள்ளி, மனத்தின் நிலையையே பொருளாகக் கொண்டன. அவற்றுள் எட்டனைச் சாரா வைன்மன் தொகுக்க, லைப்ரரி ஆப் அமெரிக்கா என்னும் பதிப்பகம் 2015இல் இரு தொகுதிகளாக வெளியிட்டது. எட்டும் பெண்டிர் இயற்றியவை.

அவற்றுள் டோரதி ஹியூஸ் 1947இல் எழுதிய 'இன் எ லோன்லி பிளேஸ்' முதற்கண் நோக்கத்தக்கது. போரிலிருந்து மீண்ட விமானப்படை வீரனாகிய டிக்ஸ் ஸ்டீல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இரவில் தனித்துச் செல்லும் மகளிரைப் பின்தொடர்கின்றான். கொலைஞன் அவனே என்பது தொடக்கத்திலேயே நமக்குப் புலனாகின்றது. கதை படர்க்கையில் நடப்பினும், அவன் காண்பதன்றிப் பிறிதொன்றைக் காண நமக்கு இடமில்லை. இங்ஙனம் அவன் உள்ளத்துள் நம்மை இருத்திய ஆசிரியர், கொலை நிகழும் பொழுதுகளை மட்டும் கூறாது விடுகின்றார். தன் செயலைத் தானே எண்ண மறுக்கும் மனம் அவ்விடைவெளியால் உணர்த்தப்படுகின்றது. அவனை ஐயுறுவோர் லாரல், சில்வியா என்னும் மகளிர் இருவர். காவல் துறையினனாகிய அவன் நண்பன் பிந்தியே உணர்கின்றான். அம்மகளிர் பார்வையின் பொருளை அவன் பிறழக் கொள்கின்றான். நாமோ அவன் கண்வழியே கண்டும் செம்மையாக உணர்கின்றோம். திகில் பிறக்குமிடம் இவ்வேறுபாடே. 1950இல் நிக்கலஸ் ரே இதனைத் திரைப்படமாக்கியபோது கதைத்தலைவனைக் கொலைப்பழியினின்று விடுவித்தார். படம் சிறந்ததே, எனினும் புதினத்தின் உயிர்நிலை அதன்கண் இல்லை என்பது எம் கருத்து.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நிலைக்களன் நான்கு கூறும். இப்புதினங்களிலோ தன் நெஞ்சமே அச்சத்தின் நிலைக்களனாகின்றது. பட்ரீசியா ஹைஸ்மித்தின் 'தி பிளண்டரர்' (1954) இதற்குச் சான்று. மனைவியைக் கொல்ல மனத்தால் எண்ணிப் பார்த்த வழக்கறிஞன் ஒருவனை, அவள் இறந்தபின் அவ்வெண்ணமே குற்றமாய்ச் சூழ்கின்றது. எலிசபெத் ஹோல்டிங்கின் 'தி பிளாங்க் வால்' (1947), கணவன் போர்க்கடமையில் இருக்க, மகளைக் காத்தற்பொருட்டுப் பிணத்தை மறைக்கும் ஒரு தாயின் கதை. அடுக்களைக் கவலையும் கொலைக் கவலையும் அவளுக்கு ஒரே நாளில் அமைகின்றன.

இந்நூல்கள் தம் காலத்தில் அறியப்படாதனவல்ல. தொகுப்பில் இடம்பெற்ற மார்கரெட் மில்லரின் 'பீஸ்ட் இன் வியூ' 1956இல் எட்கர் பரிசு பெற்றது. இருந்தும், மேற்கூறிய பதிப்பகமே 1997இல் வெளியிட்ட குற்றப்புதினத் தொகுதிகள் இரண்டிலுமாக உள்ள பதினொரு நூல்களுள் பெண்பாலார் நூல் ஒன்றே; அது ஹைஸ்மித்தின் 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி'. ஏனையோரை மறந்தவர் அக்காலப் படிப்போர் அல்லர், பிற்காலத்துத் தொகுப்போரே எனல் தகும். மகளிர்க்கெனத் தனித் தொகுதி அமைத்தது ஒருவாறு ஈடு செய்தலே. ஆயினும் வரலாறு இன்னும் இரு கூறாகவே நிற்கின்றது. 1997ஆம் ஆண்டுத் தொகுதியிற் சேர்ந்த ஜிம் தாம்சனின் 'தி கில்லர் இன்சைட் மி' கொலைஞன் தன் வாய்மொழியாகவே கூறும் கதை. அது வெளிவந்தது 1952இல். ஹியூஸின் புதினம் அதற்கு ஐந்தாண்டு முற்பட்டது. இவ்விரு நூல்களையும் ஒருங்கு வைத்தே கற்றல் வேண்டும்.