அரளுவும் அரளியும்

வைத்தியரிடம் போகுமுன் வீட்டிலேயே செய்துகொள்ளும் வைத்தியத்திற்கு நாம் கைமருந்து என்று பெயர் வைத்திருக்கிறோம். சிங்கள மக்கள் அதனை ‘அத் பெஹெத்’ என்பர். ‘அத்’ என்றால் கை. ‘பெஹெத்’ என்றால் மருந்து. அயல் அயலாக வாழும் இரு சமூகத்தார் ஒரே பொருளை ஒரே விதமாகக் குறிப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பொதுப் பெயரில் உள்ள இந்த ஒற்றுமை தனித்தனி மருந்துகளின் பெயர்களில் எப்பொழுதும் இருப்பதில்லை. ராகலை போன்ற மலைநாட்டுக் கடைத்தெருக்களில் மருந்துச் சரக்கு வாங்கும் நம் தாய்மார்கள் சற்று விழிப்போடிருக்க வேண்டிய இடம் அதுவேயாகும்.

திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் இம்மலைகளுக்கு வந்தபொழுது, மூட்டையில் என்ன இருந்ததோ இல்லையோ, மருந்துகளின் பெயர்கள் நாவில் இருந்தன. பெயர்கள் வந்த இடத்திற்கெல்லாம் செடிகள் வந்துவிடவில்லை. வேம்பு வெப்பநிலத்து மரம். ராகலைக் குளிரில் அது தழைப்பதில்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் செருகுவதற்கும் மாரியம்மன் திருவிழாவிற்கும் வேப்பிலை கீழ்நாட்டிலிருந்தே வந்தாக வேண்டும். இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து நட்ட யூக்கலிப்டஸுக்கு நம்மிடம் பெயரே இருக்கவில்லை. தைலமரம் என்று ஒரு பெயரை இட்டுக்கொண்டோம். ஊரில் நொச்சித் தழையைக் கொதிக்க வைத்துக் கம்பளிக்குள் வேது பிடித்த வழக்கம், இங்கே தைலமரத்து இலையைக் கொண்டும் நடைபெறலாயிற்று. (நொச்சியைச் சிங்களத்தில் ‘நிக’ என்பர்.) இலையின் ஆவி வேறு, புட்டியில் விற்கும் தைலம் வேறு என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அத்தைலம் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் பெருந்தீங்கு விளையும்.

சில பெயர்களில் நமக்குச் சிரமமே இல்லை. கொத்தமல்லி இரு மொழியிலும் கொத்தமல்லிதான். பெருங்காயமும் அவ்வாறே. கற்பூரவள்ளி ‘கப்பரவல்லிய’ என்று சிறிது உருமாறியிருக்கிறது. தடிமன், காய்ச்சல் என்றவுடன் கடைகளில் கேட்டு வாங்கும் ‘பஸ்பங்குவ’ என்பதன் பொருள் ஐந்து பங்கு. கொத்தமல்லி, இஞ்சி அல்லது சுக்கு, ‘வெனிவெல்’, ‘பத்பாடகம்’, ‘கட்டுவெல்பட்டு’ என்பன அவ்வைந்து. இவற்றுள் வெனிவெல் என்பது நம் மரமஞ்சள். கட்டுவெல்பட்டு என்பது நம் கண்டங்கத்திரி. பற்பாடகம் என்ற பெயரோ ஏறக்குறைய நம் ஒலியிலேயே வழங்குகிறது. வெனிவெல் அவித்துக் குடித்தே வளர்ந்த பிள்ளைகளிடம் மரமஞ்சள் என்றால், கறிக்குப் போடும் மஞ்சளை எடுத்து வந்து நீட்டுகிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பழைய பெயரை அவர்கள் காதில் போட்டவர் யார்?

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. அவ்வாறு சிரித்துவிட்டுப் போகமுடியாத ஒன்று கடுக்காயின் பெயர்.

கடுக்காய்க்குச் சிங்களத்தில் ‘அரளு’ என்று பெயர். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் என்று நாம் சொல்லும் திரிபலையை அவர்கள் ‘அரளு, புளு, நெல்லி’ என்பர். மலச்சிக்கலுக்கும் வயிற்றுக் கோளாறுகளுக்கும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் மருந்து அது. நம் மொழியில் அரளி என்பதோ கொடிய நஞ்சு. அதன் இலை, பூ, விதை, வேர் யாவும் இதயத்தைத் தாக்கும். போதாததற்கு, சிங்களத்தில் ‘அரலிய’ என்றொரு சொல்லும் உண்டு; விகாரைகளில் பூசைக்கு வைக்கும் நறுமலருக்கு அது பெயர். அம்மரத்தை ஈழத்தலரி என்று தமிழில் அழைத்திருக்கின்றனர். ஆக, அரளு என்பது மருந்து, அரளி என்பது நஞ்சு, அரலிய என்பது பூசைப் பூ. ஓர் எழுத்து மாறினால் பொருள் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

ஒரு வீட்டில் அம்மாயி கடுக்காய் வாங்கிவரச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ‘அரளு’ என்று சொல்லிப் பொட்டலம் கட்ட, பேத்தி ‘ஐயோ, விஷமாச்சே!’ என்று வெறுங்கையோடு திரும்பினால் குற்றமில்லை. இதற்கு நேர்மாறாக, அடுத்த வீட்டுச் சிங்களப் பெண் நல்லெண்ணத்தோடு ‘அரளு அவித்துக் குடியுங்கள்’ என்று சொல்ல, கேட்டவள் வேலியோரத்து அரளியை நினைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மஞ்சள் அரளியைச் சிங்களத்தில் ‘கனேரு’ என்பர். இப்பெயரையும் நம் பெண்மக்கள் அறிந்திருக்க வேண்டும். எந்த அரளியாயினும் வயிற்றுக்குள் போய்விட்டதென்று தெரிந்தால், கைமருந்து தேடிக் கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

இதே வகையில் மற்றொன்று, நஞ்சில்லாதது: இருமலுக்குரிய ஆடாதோடையைச் சிங்களத்தில் ‘பாவட்டா’ என்றும் கூறுவர். தமிழில் பாவட்டை என்பது வேறொரு செடி. பெயரை மட்டும் நம்பி இலை பறித்தால் இருமல் நிற்காது, செடியைத்தான் பழிப்போம்.

பெயரைச் சொல்லவே கூடாத மருந்தும் நம்மிடம் உண்டு. வசம்பை மாலை மயங்கியபின் பெயரிட்டுக் கேட்பதில்லை. ‘பேர் சொல்லாதது’ என்றுதான் கேட்பார்கள். பிள்ளை வளர்ப்பான் என்பது அதன் செல்லப் பெயர். சிங்களத்தில் ‘வதகஹ’. சுட்டுக் கரியாக்கி உரைத்துக் குழந்தையின் நாவில் தடவுவது நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கத்தின்மீது நமக்குள்ள பாசம் பெரிது என்றாலும், வசம்பிலுள்ள அசரோன் என்னும் பொருள் தீங்கானது என்று கண்டு, அமெரிக்காவில் அதனை உணவில் சேர்ப்பதை 1968-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டனர். சிசுவின் கையில் கட்டும் வசம்பு வளையல் இருக்கட்டும். நாவில் தடவும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்பதே நம் கருத்து.

வீட்டில் சரக்கு வைக்கும் டப்பாக்களில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, ‘கடுக்காய் – அரளு’, ‘மரமஞ்சள் – வெனிவெல்’ என்று இரு பெயரையும் எழுதிவைத்தால் போதும். பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டே எழுதச் செய்யலாம். அம்மாயி பெயரைச் சொல்ல, பிள்ளை எழுதட்டும்.

எழுத வேண்டாத பெயர் ஒன்றுண்டு, அது வல்லாரை. ‘கொட்டுகொல’ என்றாலும் வல்லாரை என்றாலும் மலைநாட்டில் எவரும் அறிவர். சம்பலாகவும் கஞ்சியாகவும் உண்பர். அதில் பெயரைவிடப் பறிக்கும் இடத்தையே பார்க்க வேண்டும். தேயிலை மலையில் களைநாசினி தெளிப்பதுண்டு. 2015-இல் கிளைபோசேட்டைத் தடை செய்த அரசாங்கம், 2018-இல் தேயிலைக்கும் றப்பருக்கும் அதனை மீண்டும் அனுமதித்தது. செடி வாடாமல் பசுமையாக நிற்பதைக் கண்டு மருந்து படவில்லையென்று முடிவு கட்டிவிட முடியாது. தெளித்த அன்று அது பசுமையாகத்தான் நிற்கும். லயத்தின் பின்புறத்து மரக்கறித் தோட்டத்தில், தண்ணீர் வழியும் ஓரமாக இரண்டு கொடிகளை ஊன்றிவிட்டால், சம்பலுக்கு வேண்டிய கீரை வீட்டோடேயே கிடைக்கும்.