மண் தின்னும் மருந்து, தின்னாத மருந்து

மிஞ்சிப்போன மாத்திரையைக் கொல்லையில் புதைத்துவிட்டு, "மண்ணு தின்னுடும்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான்.

ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. இலைச் சருகை மக்கவைக்கும் அந்தக் கூட்டமே மருந்தையும் சிதைக்கிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமோல் சீக்கிரமே சிதைந்துவிடும். தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று குறைவு. அங்கே வேலை மந்தம். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமாசிபினோ மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மழைநீரோடு கிணற்றுக்கும் இறங்கலாம்.

நோய்க்கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரை இன்னும் பொல்லாதது. அது மண்ணிலும் நீரிலும் சேர்ந்தால், பலவீனமான கிருமி சாகும். தாக்குப்பிடித்த கிருமி பெருகும். பிறகு நம்ம பிள்ளைக்கு நோய் வந்தால் அதே மருந்து பலிக்காது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. இந்தியாவில் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றும் நிலையம் ஒன்று உண்டு. அதன் நீரில் சிப்ரோபிளாக்சசின் மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை சுவீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் அந்த வட்டாரத்தில் பின்னர் கண்டறியப்பட்டன.

ஆகவே மாத்திரையைப் புதைக்காதீர்கள்; கக்கூசிலும் கொட்டாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வாங்கியது மிஞ்சினால் அங்குள்ள மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுக்கலாம். அடுத்த முறை ஜார்ஜ்டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக்கை அவர் சொன்ன நாள்வரை சாப்பிட்டு முடியுங்கள், மிச்சம் வைக்காதீர்கள்.

நமக்குச் சோறு போடும் மண், அதற்கு முடியாத பாரத்தை அதன் தலையில் ஏற்றலாமா?