கேபிள் வழி வீட்டுக் கம்பியில்லா இணையம்

கேபிள் வழி வீட்டுக் கம்பியில்லா இணையம் என்பது, கேபிள் தொலைக்காட்சி வடத்தின் வழியே வரும் அகலப்பட்டை இணைப்பை, வானொலி அலைகள் மூலம் வீட்டிலுள்ள பல கருவிகளுக்குப் பகிரும் முறையாகும். கேபிள் மோடங்களுக்கான டாக்சிஸ் என்னும் செந்தரம் 1997இல் வெளியானது. வைஃபை கருவிகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு இந்தியாவில் 2005இல் உரிமத் தேவை நீக்கப்பட்டது.

அமைக்கும் முறை

சுவரிலிருந்து வரும் வடம் மோடத்தில் பொருத்தப்படுகிறது. முதலில் கணினியை மோடத்துடன் நேரடியாக இணைத்து, இணைப்பைச் சோதித்துக்கொள்வது நல்லது. பின்னர் மோடத்திலிருந்து ஈதர்நெட் கம்பி திசைவியின் (ரவுட்டர்) இணைய நுழைவாயிலில் செருகப்படுகிறது. சில மோடங்கள் முதலில் இணைந்த கருவியின் வன்பொருள் முகவரியையே ஏற்கும். ஆதலால் திசைவியை இணைத்தபின் மோடத்தை ஒருமுறை அணைத்து இயக்க வேண்டும். வடத்தின் வழியே வரும் வேகத்தைத் திசைவி பகிருமேயன்றிக் கூட்டாது. வடத்திற்குப் பதிலாக ஒளியிழை வரும் வீடுகளில், மோடத்தின் இடத்தில் ஒளியிழை முனையக் கருவி அமைகிறது.

திசைவியின் இடம்

வானொலி அலைகள் சுவர்களைக் கடக்கும்போது வலுவிழக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய ஓட்டு வீடுகளில் உள்ளது போன்ற தடித்த சுவர்கள் அலைகளைப் பெரிதும் தடுக்கும். எனவே திசைவியை வீட்டின் நடுப்பகுதியில் உயரமாக வைத்தல் நன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளைவிடச் சுவர்களை எளிதில் கடக்கும். அண்டை வீட்டு இணைப்புகளின் குறுக்கீட்டைத் தவிர்க்க 1, 6, 11 ஆகிய ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

மின்னல் பாதுகாப்பு

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில், வெளியே கட்டப்பட்ட உலோக வடம் மின்னலின் மின்னெழுச்சியை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடும். இடி தொடங்கும் முன்னரே மின்செருகியுடன் வடத்தையும் கழற்றிவிட வேண்டும். மின்செருகியை மட்டும் கழற்றுவது போதாது.

கடவுச்சொல்

2008 சூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் பாதுகாப்பற்ற கம்பியில்லா இணைப்பு வழியே சென்றது கண்டறியப்பட்டது. அதனால் இணைப்பின் உரிமையாளரே முதலில் விசாரிக்கப்பட்டார். 2009இல் தொலைத்தொடர்புத் துறை இத்தகைய இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்து இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்கள் வழங்கியது.

மறையாக்க முறைகளுள் வெப் 2001இலேயே உடைக்கப்பட்டது. ஆகவே டபிள்யூபிஏ2 அல்லது 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 முறையைத் தேர்ந்து, நீண்ட கடவுச்சொல் இட வேண்டும். திசைவியின் அமைப்புப் பக்கத்திற்கு உற்பத்தியாளர் இட்ட கடவுச்சொல் வேறு. அதனையும் மாற்றுதல் இன்றியமையாதது.